கேஸா, கெட்டிலா: வீட்டு டீயின் எரிசக்திக் கணக்கு

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இதுதான்: வீட்டில் நீங்களும் அம்மாவும், ஒரு நாளைக்கு மூன்று வேளை டீ, எல்லாம் கேஸ் அடுப்பில். அதை விட்டு மின்சாரக் கெட்டிலுக்கோ இண்டக்‌ஷன் அடுப்புக்கோ மாறினால் சுற்றுச்சூழலுக்கு நல்லதா? அம்மா "கொதிச்சாத்தான் டீ" என்கிறார், அவரிடம் என்ன சொல்வது? இதில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. எதில் எரிசக்தி குறைவாகச் செலவாகிறது என்பது ஒன்று. எதனால் காற்றுக்கும் மண்ணுக்கும் தண்ணீருக்கும் கெடுதல் குறைவு என்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே பதில் கிடையாது, நம்மூர் மின்சாரத்தை வைத்துப் பார்த்தால் எதிரெதிர்ப் பதில்கூட வருகிறது. இதற்கு மேல் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, நீங்கள் அதைக் கேட்கவே இல்லை, ஆனால் என் கணக்கில் அதுதான் பெரியது: பால்.

நான் எரிசக்தித் தணிக்கை வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். பாய்லர், டிரையர், பால் குளிரூட்டும் நிலையம், குன்னூர் கோத்தகிரிப் பக்கத் தேயிலைத் தொழிற்சாலைகள், இப்படி வெப்பம் எங்கே வீணாகிறது என்று தேடிப் போவதுதான் பிழைப்பு. அதனால் வெப்பக் கணக்கைத் தைரியமாகச் சொல்வேன், அது இயற்பியல், யார் போட்டாலும் அதே விடைதான் வரும். அடுப்பின் திறன் பற்றிச் சொல்வதெல்லாம் பாத்திரம், தீ, காற்று என்று பலவற்றைப் பொறுத்தது, பத்து இருபது சதவீதம் முன்பின் இருக்கலாம். பால், தேயிலை பற்றிய கார்பன் கணக்குகள் இன்னும் தளர்வானவை, ஆய்வுக்கு ஆய்வு இரண்டு மடங்குகூட வேறுபடும். படிக்கும்போது இந்த மூன்று தரத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உறுதியான கணக்கு. இரண்டு டம்ளர் டீ, அதாவது 150 மில்லி தண்ணீரும் 150 மில்லி பாலும் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் குழாயிலிருந்து 28 டிகிரியில் வருகிறது, பால் ஃபிரிட்ஜிலிருந்து 5 டிகிரியில் வருகிறது. இரண்டையும் கொதி நிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 100 கிலோ ஜூல் வெப்பம் போதும். (ஊட்டியில் இருக்கிறீர்கள் என்றால் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.) மின்சாரத்தில் சொன்னால் இந்த 100 கிலோ ஜூல் ஒரு யூனிட்டில் முப்பத்தாறில் ஒரு பங்குதான். ரொம்பச் சின்னத் தொகை.

இங்கேதான் "கொதிக்கவைப்பது" உள்ளே வருகிறது. தண்ணீரைக் கொதி நிலைக்குச் சூடேற்றுவது மலிவான வேலை, அதை ஆவியாக்குவதுதான் விலை உயர்ந்த வேலை. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக 2.26 கிலோ ஜூல் வேண்டும். டீ நன்றாகச் சுண்ட வேண்டும் என்று ஐந்தாறு நிமிடம் தளதளவென்று கொதிக்க விடுகிறோமே, அதில் ஒரு 50 மில்லி போய்விட்டது என்றால் அதற்கே 113 கிலோ ஜூல். அதாவது மொத்த டீயையும் கொதி நிலைக்குக் கொண்டுவர ஆன செலவை விட, அதிலிருந்து மூன்று மேஜைக்கரண்டி ஆவியாகிப் போனதற்கான செலவு அதிகம். பாத்திரத்துக்குள் இருக்கும் டீயின் சூடு இந்த நேரம் முழுக்க ஒரு டிகிரிகூட ஏறுவதில்லை. முழுத் தீயில் தளதளத்தாலும் சின்னத் தீயில் லேசாகக் குமிழியிட்டாலும் உள்ளே அதே 100 டிகிரிதான், அதனால் சாறு இறங்குவதும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான். பெரிய தீ கூடுதலாகச் செய்வதெல்லாம் சமையலறைக்கு நீராவி அனுப்புவது மட்டும்.

நாம் வீட்டில் போடுவது பெரும்பாலும் டஸ்ட் டீத்தூள். அது பொடியாக இருப்பதால் கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடத்தில் நிறமும் துவர்ப்பும் இறங்கிவிடும். அம்மாவிடம் வாதம் செய்வதாக இருந்தால் டீக்கடையைக் காட்டுங்கள். நம்மூர் மாஸ்டர் தூளைப் பாலில் போட்டுக் கொதிக்க வைப்பதில்லை. துணிப் பையில் தூளை வைத்துப் பாய்லர் சுடுதண்ணீரை ஊற்றி டிகாஷன் இறக்குகிறார், தனியாகச் சூடாக இருக்கும் பாலில் கலந்து ஆற்றுகிறார், அவ்வளவுதான். அந்த டீயை யாரும் சப்பென்று இருக்கிறது என்று சொல்வதில்லை. அதே நேரம் அம்மா சொல்வதிலும் நியாயம் உண்டு: பாலும் தூளும் சேர்ந்து கொதிக்கும்போது பால் வெந்த ஒரு வாசமும் கெட்டித்தன்மையும் வரும், அது வேறு ருசி. அந்த ருசிதான் வேண்டும் என்றால் கொதிக்கட்டும், மூடியைக் கொஞ்சம் திறந்து வைத்துச் சின்னத் தீயில் கொதிக்கட்டும் என்பதுதான் என் கோரிக்கை.

சரி, அடுப்புக்கு வருவோம். வீட்டு கேஸ் அடுப்புக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பி.ஐ.எஸ்.) தரம் கேட்பது குறைந்தபட்சம் 68 சதவீத வெப்பத் திறன். ஆனால் அது சோதனைக் கூடத்தில், பர்னருக்கு ஏற்ற பெரிய பாத்திரத்தில், நிறையத் தண்ணீர் வைத்து அளப்பது. வீட்டில் டீ பாத்திரம் சின்னது, தீ அடியைத் தாண்டி விளிம்பு வரை நக்கிக்கொண்டு போகும், மின்விசிறிக் காற்று வேறு. நடைமுறையில் 40, 45 சதவீதம் கிடைத்தால் நியாயமானது என்று எடுத்துக்கொள்கிறேன். எல்பிஜி ஒரு கிலோவில் 46 மெகா ஜூல் அளவு வெப்பம் இருக்கிறது. கொதி நிலைக்குக் கொண்டுவருவது, கொஞ்சம் சுண்டுவது, பாத்திரம் சூடாவது எல்லாம் சேர்த்து ஒரு முறை டீ போட 10 முதல் 15 கிராம் கேஸ் ஆகும். அதை எரித்தால் வெளிவரும் கரியமில வாயு அதைப் போல மூன்று மடங்கு எடை, அதாவது 30 முதல் 45 கிராம். மூன்று வேளை, முப்பது நாள் என்று பெருக்கிப் பார்த்தால் மாதத்துக்கு ஒரு கிலோ முதல் 1.3 கிலோ கேஸ். 14.2 கிலோ சிலிண்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்தால் ஒரு தடவைக்கு ஒரு ரூபாய்க்குள்.

இப்போது கெட்டில். அதன் திறன் 80 முதல் 90 சதவீதம், ஏனென்றால் சூடேற்றும் தகடு தண்ணீரை ஒட்டியே இருக்கிறது, கொதித்ததும் தானே அணைந்தும்விடுகிறது. இண்டக்‌ஷனும் 80 சதவீதத்துக்குப் பக்கம். உங்கள் சமையலறைக்குள் மட்டும் பார்த்தால் மின்சாரம் சந்தேகமில்லாமல் ஜெயிக்கிறது, கேஸில் ஆகும் எரிசக்தியில் பாதிதான் ஆகும். ஆனால் அந்த மின்சாரம் எங்கிருந்தோ வர வேண்டும். அனல்மின் நிலையத்தில் நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் மின்சாரமாகிறது, மீதி குளிர்விக்கும் நீரோடும் புகைபோக்கி வழியாகவும் போய்விடும். மத்திய மின்சார ஆணையம் வெளியிடும் கணக்குப்படி, காற்றாலை, சூரியசக்தி எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தாலும், ஒரு யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட 0.7 கிலோ கரியமில வாயு. அதற்கு மேல் கம்பி வழி இழப்பு. வெறும் 300 மில்லி தண்ணீரைக் கெட்டிலில் கொதிக்க வைத்தால் 0.03 யூனிட், அதாவது 20, 25 கிராம் வாயு. அதே தண்ணீரைக் கேஸில் கொதிக்க வைத்து உடனே அணைத்தால் 12, 13 கிராம். இண்டக்‌ஷனில் அம்மா பாணியில் சுண்டச் சுண்டப் போட்டால் 50, 60 கிராம் வரும், கேஸில் அதே டீக்கு 30-க்குப் பக்கம். ஆக இன்றைய சராசரி மின்சாரத்தில் கேஸ்தான் கொஞ்சம் சுத்தம். கேஸை இறக்குமதி செய்து கப்பலிலும் லாரியிலும் கொண்டுவரும் செலவைச் சேர்த்தால் இடைவெளி இன்னும் குறையும், ஆனால் மறையாது.

இதில் ஒரு சந்தேகத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சராசரி என்பது ஒரு வசதிக்காகப் போடும் எண். நீங்கள் கெட்டிலைப் போடும் அந்த நிமிடத்தில் கூடுதலாக எந்த நிலையம் ஓடியது என்பதுதான் உண்மையான கேள்வி, அதற்கு வல்லுநர்களிடமே ஒத்த கருத்து இல்லை. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை முப்பந்தல், ஆரல்வாய்மொழி, உடுமலைப் பக்கமெல்லாம் காற்றாலைகள் முழு வேகத்தில் சுற்றும். பகலில் சூரிய மின்சாரம் இருக்கும். அப்படிப் பார்த்தால் ஆடி மாதத்து மாலை நாலு மணி டீக்கு மின்சாரம் நல்லது, விடிகாலை ஐந்தரை மணி டீக்கும் இரவு எட்டு மணி டீக்கும் நல்லதில்லை என்று ஒரு வாதம் உண்டு. தென்மண்டல கிரிட், அதாவது மின்கட்டமைப்பு, 2013 டிசம்பர் கடைசியில் மற்ற மண்டலங்களோடு இணைந்ததிலிருந்து நாடு முழுக்க ஒரே கிரிட், அதனால் "தமிழ்நாட்டுக் காற்று மின்சாரத்தைத்தான் நான் எடுத்தேன்" என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பது எதிர்வாதம். எனக்கு இரண்டிலும் உண்மை இருப்பதாகத் தோன்றுகிறது. உங்கள் மொட்டை மாடியில் சோலார் இருந்தால் மட்டும் விவாதம் கொஞ்சம் மாறும், பகல் டீக்குத் தாராளமாகக் கெட்டிலைப் போடுங்கள்.

எப்படிப் பார்த்தாலும் நீங்கள் கேட்ட கேஸா கெட்டிலா என்ற வித்தியாசம் ஒரு தடவைக்கு 10 முதல் 25 கிராம். பெரிய எண்ணையே எடுத்தாலும் வருடத்துக்கு 27 கிலோ, பன்னிரண்டு லிட்டர் பெட்ரோல் எரித்ததற்குச் சமம். பூஜ்யம் இல்லைதான். ஆனால் இப்போது பாலைப் பாருங்கள்.

மாடும் எருமையும் அசைபோடும்போது வயிற்றில் மீத்தேன் உருவாகி வாய் வழியாக வருகிறது. நூறு வருட அளவில் கணக்கிட்டால் ஒரு கிலோ மீத்தேன் 27, 28 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடேற்றும். சாணத்தில் இருந்து வருவது, தீவனம் விளைய உரம், குளிரூட்டல், லாரி எல்லாம் சேர்த்து ஒரு லிட்டர் பாலுக்கு உலகச் சராசரி இரண்டரை கிலோ கரியமில வாயுவுக்குச் சமம் என்று உலக உணவு வேளாண் அமைப்பின் கணக்கு சொல்கிறது. நம் நாட்டில் மாட்டுக்கு மாடு பால் குறைவு, அதே மீத்தேன் குறைந்த லிட்டர்களில் பங்கிடப்படுவதால் எண் இன்னும் கூடும் என்பார்கள். இன்னொரு பக்கம், நம் மாடுகள் பெரும்பாலும் வைக்கோலும் புல்லும் பிண்ணாக்கும் தின்கின்றன, அதற்கென்று காடு அழிப்பதில்லை, சாணம் வயலுக்குப் போகிறது, அந்தப் பயனையெல்லாம் கழித்துக் கணக்கிட்டால் குறையும். அதனால் லிட்டருக்கு 2 முதல் 4 கிலோ வரை எங்கோ என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. குறைந்த எண்ணையே எடுங்கள்: 150 மில்லி பாலுக்கு 300 கிராம். அடுப்பில் எரிந்தது 30 முதல் 45. எந்த ஆய்வை நம்பினாலும் பால்தான் அடுப்பை விடப் பல மடங்கு பெரியது, அந்த வரிசை மாறாது. இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

இதன் அர்த்தம் பாலை நிறுத்துங்கள் என்பதல்ல. வயதான அம்மாவுக்கு டீயில் போகும் அந்தப் பால் நல்ல புரதமாக இருக்கலாம். இரண்டு மாடு வைத்திருக்கும் ஒரு பெண்ணுக்குச் சங்கத்தில் பால் ஊற்றி வரும் பணம்தான் கையில் தங்கும் பணம், பால் நிலையங்களில் வேலை செய்ததில் இதை நேரில் பார்த்திருக்கிறேன், அதை ஒரு கார்பன் எண்ணால் தள்ளிவிட எனக்கு மனம் வராது. நான் சொல்வது இவ்வளவுதான்: பாதிக்குப் பாதி என்று இருப்பதை மூன்றில் ஒரு பங்கு பாலாக மாற்றினால் ஒரு தடவைக்கு 50 மில்லி மிச்சம், அது குறைந்தபட்சம் 100 கிராம் வாயு, அடுப்பு மொத்தமாக விடுவதைப் போல இரண்டு மூன்று மடங்கு. போட்டு வைத்த டீ ஆறிப்போய் யாரும் குடிக்காமல் தொட்டியில் கொட்டுவது இருக்கிறதே, டீ விஷயத்தில் வீட்டில் நடக்கும் மிகப் பெரிய வீண் அதுதான். ஆளுக்கு எத்தனை டம்ளர் என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் வைப்பது எந்தக் கெட்டிலை விடவும் பெரிய சேமிப்பு.

இன்னொன்று, பல வீடுகளில் அரை லிட்டர் பாக்கெட்டைக் காலையில் ஒரு முறை முழுக்கக் காய்ச்சி, ஆறவைத்து, ஃபிரிட்ஜில் வைத்து, பிறகு டீ போடும்போது மறுபடி கொதிக்க வைக்கிறார்கள். ஆவின் மாதிரிப் பாக்கெட் பால் ஏற்கெனவே பாஸ்சரைஸ் செய்தது. காய்ச்சும் பழக்கம் பாதுகாப்பானது, வழியில் குளிர்ச்சி விட்டுப்போயிருக்கலாம், அதனால் அதை விடச் சொல்ல மாட்டேன், அது உணவுப் பாதுகாப்பு தெரிந்தவர்கள் பேச வேண்டியது. ஆனால் காலை டீக்கு வேண்டிய பாலைக் காய்ச்சாமல் நேராக டீயிலேயே ஊற்றிக் கொதிக்க விடலாம், அங்கே எப்படியும் கொதிக்கத்தான் போகிறது. மீதியை மட்டும் ஒரு தடவை காய்ச்சினால் போதும். சூடு ஆறும் முன் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், அந்தச் சூட்டை வெளியேற்ற மின்சாரம் செலவாகும்.

தூளைப் பற்றியும் சொல்ல வேண்டும், என் வேலை அங்கேதான் அதிகம். பறித்த பச்சை இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர், தூளாகும்போது மூன்று சதவீதத்துக்கு வந்துவிடும். நாலு, நாலரை கிலோ இலையிலிருந்துதான் ஒரு கிலோ தூள். அந்தத் தண்ணீரை எல்லாம் ஓட்டுவதற்கு நீலகிரித் தொழிற்சாலைகளில் எரிப்பது பெரும்பாலும் விறகு, ஒரு கிலோ தூளுக்கு ஏறத்தாழ ஒன்றரை, இரண்டு கிலோ. வாட்ட வைக்கும் விசிறிக்கும் அரவை இயந்திரங்களுக்கும் அரை யூனிட்டுக்கு மேல் மின்சாரம். உங்கள் இரண்டு டம்ளருக்கு 5 கிராம் தூள் என்றால், அதற்காக எங்கோ 10 கிராம் விறகு எரிந்திருக்கிறது. மறுபடி நட்டு வளர்த்த மரம் என்றால் அதன் கார்பன் கணக்கு வேறு, எப்போதோ நின்ற காட்டு மரம் என்றால் வேறு. விறகு ஈரமாக இருந்தால் வெப்பத்தில் ஒரு பங்கு விறகைக் காய வைக்கவே போகும், கூரை போட்டு விறகைக் காயவைத்த தொழிற்சாலையும் அப்படியே மழையில் போட்ட தொழிற்சாலையும் ஒரே தூளைத்தான் விற்கும், பாக்கெட்டைப் பார்த்து நீங்கள் கண்டுபிடிக்க முடியாது.

இதற்கெல்லாம் முன்னால் நிலம் இருக்கிறது. நீலகிரியில் சோலையும் புல்வெளியும் இருந்த இடத்தில்தான் தேயிலையும் யூகலிப்டஸும் சீகை மரமும் வந்தன. சோலைப் புல்வெளி மழையைப் பிடித்து வைத்து ஓடைகளில் மெதுவாக விடும், பவானிக்கும் மோயாறுக்கும் தண்ணீர் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. எந்தக் கார்பன் எண்ணிலும் இந்த இழப்பு முழுசாக வராது. அதே மலையில், 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்களுக்கு வேலை கொடுக்கத்தான் டான்டீ என்ற தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. அதனால் தேயிலைத் தோட்டத்தை ஒரே வரியில் குற்றம் சொல்லி முடிக்க என்னால் முடியவில்லை. தண்ணீர்க் கணக்கிலும் ஒரு கோப்பைத் தேநீருக்கு 30 லிட்டர் என்று படித்திருப்பீர்கள், அதில் பெரும்பகுதி மலையில் பெய்யும் மழை, ஆற்றிலிருந்து எடுப்பதில்லை. அந்தக் கோப்பையில் ஊற்றும் பாலுக்கு, லிட்டருக்கு ஆயிரம் லிட்டர் என்ற உலகச் சராசரியை வைத்தால், அதை விட அதிகம் வரும்.

டீ பேக் வாங்குகிறீர்களா என்று சொல்லவில்லை. வாங்கினால், பளபளப்பான வலை போன்ற பிரமிட் பைகளைத் தவிர்ப்பது நல்லது, அவை நைலான் அல்லது அதுபோன்ற பிளாஸ்டிக். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் அப்படி ஒரு பையைக் கொதிக்கும் சூட்டில் போட்டால் நூறு கோடிக் கணக்கில் நுண்பிளாஸ்டிக் துகள்கள் வருவதாகச் சொன்னார்கள். எண்ணிய முறை பற்றிக் கேள்விகள் எழுந்தன, உடலுக்கு என்ன செய்யும் என்பதும் முடிவாகாத விஷயம், ஆனால் வெறும் தூளும் வடிகட்டியும் இருக்கும்போது அந்தச் சோதனையில் நாம் சேர வேண்டிய அவசியமே இல்லை.

விறகடுப்பில் டீ போடும் வீடுகளுக்கு மட்டும் நான் தயங்காமல் வேறு பதில் சொல்வேன். மூன்று கல் அடுப்பில் வெப்பத்தில் பத்துப் பதினைந்து சதவீதம்தான் பாத்திரத்துக்குப் போகிறது, மீதி வீண், கூடவே புகை, அதைச் சுவாசிப்பது பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அங்கே கேஸோ மின்சாரமோ எது கிடைத்தாலும் மாறிவிட வேண்டும், கார்பன் கணக்கெல்லாம் அப்புறம். கேஸ் அடுப்பிலும் நைட்ரஜன் டை ஆக்சைடு வரும், கதவு ஜன்னலைத் திறந்து வையுங்கள் அல்லது புகைபோக்கி விசிறியைப் போடுங்கள்.

ஆக உங்கள் வீட்டுக்கு என்று கேட்டால்: இருக்கும் கேஸ் அடுப்பையே வைத்துக்கொள்ளுங்கள், சின்ன பர்னரில் போடுங்கள், தீ பாத்திரத்தின் அடியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கொதி வரும் வரை மூடி வையுங்கள். தீ நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் பர்னர் துளைகளைச் சுத்தம் செய்யுங்கள், கேஸும் மிச்சம், பாத்திரத்தில் கரியும் பிடிக்காது. மாலையிலும் டீ வேண்டும் என்றால் மதியமே டிகாஷனைக் கூடுதலாக இறக்கி ஃபிளாஸ்கில் வைத்துக்கொள்ளலாம், பாலை அப்போது சூடாக்கிக் கலந்தால் ருசி அவ்வளவாக மாறாது. உங்களுக்குப் பால் இல்லாத கட்டன் டீ பிடிக்கும் என்றால், அல்லது மாடியில் சோலார் போடப் போகிறீர்கள் என்றால், கெட்டில் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. வாங்கும்போது குறைந்தபட்ச அளவுக்கோட்டைப் பாருங்கள். பல கெட்டில்களில் அது அரை லிட்டர், இரண்டு டம்ளருக்காக அரை லிட்டரைக் கொதிக்க வைத்தால் அதன் திறனால் வந்த லாபம் அங்கேயே போய்விடும். 300 மில்லிக்குக் கீழே கோடு இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். அதில் பாலை மட்டும் ஊற்றாதீர்கள், தகட்டில் அடிப்பிடித்துக் கெட்டில் பாழாகிவிடும்.